பார்த்துக்கொண்டே இருந்தவர்

அவர் யாரையும் கைநீட்டி அடித்து நான் பார்த்ததில்லை. குரலை உயர்த்தியும் கேட்டதில்லை. ஜெர்மனியில், எர்லாங்கன் என்ற ஊரில் அப்போது இருந்த ஏழெட்டுத் தமிழர்களில் மிக மெதுவாகப் பேசுகிறவர் அவர்தான். யாராவது அதிர்ந்து சிரித்தால்கூட அவருக்குக் கூச்சமாகிவிடும். நான் எண்பதை நெருங்கிவிட்டேன். எத்தனையோ முரடர்களோடு வேலை பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவர் முகமும் என்னைத் தொந்தரவு செய்வதில்லை. இவர் முகம் செய்கிறது.

பாளையங்கோட்டைக்காரர். விலங்கியல் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவர். பல்கலைக்கழகத்தில் பாம்புகளைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். நாங்கள் எல்லோரும் 'டாக்டர்' என்றே கூப்பிட்டோம். ஒடிசலான, உயரமான, மூக்குக்கண்ணாடி போட்ட ஆள். எதையாவது கவனிக்க ஆரம்பித்தால் இமை கொட்டுவது குறைந்துவிடும். பெந்தெகொஸ்தே பண்டிகை சமயத்தில் ஊருக்கு வடக்கே குன்றின்மேல் பீர்த் திருவிழா நடக்கும். நான் போன முதல் வருடம் அவருடைய கோப்பையில் ஒரு ஈ விழுந்துவிட்டது. எல்லோரும் அண்ணாந்து குடித்துக்கொண்டிருக்க, அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். ஈ நீந்தியது. சுற்றிச் சுற்றி வந்தது. விளிம்பைப் பிடித்து, வழுக்கி, மறுபடி விழுந்தது. அது அசைவற்றுப் போகிற வரைக்கும் அவர் கோப்பையைத் தொடவில்லை. பிறகு விரல் நுனியால் ஈயை எடுத்துப் போட்டுவிட்டு மிச்ச பீரைக் குடித்தார்.

"எடுத்து விட்டிருக்கலாமே டாக்டர்" என்றேன்.

"விட்டிருந்தா அது எவ்வளவு நேரம் நீந்தும்னு உமக்குத் தெரிஞ்சிருக்குமாவே?" என்றார்.

எனக்குச் சொந்த ஊர் கோயம்புத்தூர். மருத்துவக் கருவிகள் செய்கிற ஒரு கம்பெனியில் இன்ஜினியராக இருந்தேன். காலையில் சைக்கிள் கூட்டத்தோடு கூட்டமாகப் போய், மாலையில் அதே கூட்டத்தோடு திரும்புவேன். அவர் என்னிடம் பழக ஆரம்பித்ததற்கு நான் தமிழன் என்பது மட்டும் காரணமில்லை. அவருக்கு ஒரு கருவி செய்து தர ஆள் தேவைப்பட்டது.

அதற்காகத்தான் முதல் தடவை என்னைப் பாம்பு அறைக்கு அழைத்துப் போனார். ஜனவரி மாதம். வெளியே முழங்கால் வரைக்கும் பனி. உள்ளே நம் ஊர் சித்திரை மாதத்து உக்கிரம். என் மூக்குக்கண்ணாடி ஆவி படிந்து ஒன்றும் தெரியாமல் போயிற்று. துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தால், ஒரு சிறிய அறை அளவுக்குக் கண்ணாடிக் கூண்டு. கிளைகள், சருகு, தண்ணீர்த் தொட்டி. கிளைக்குக் கீழே ஒன்பது அடி நீளத்தில் ஒரு பெண் பாம்பு சுருண்டு கிடந்தது. போவா. நம் ஊர் மலைப்பாம்புக்குத் தூரத்துச் சொந்தம். முட்டையிடாது, குட்டி போடும். தென்னமெரிக்கக் காட்டில் பிடித்து மரப்பெட்டியில் கப்பலேற்றி அனுப்பியிருந்தார்கள்.

கூண்டுக்குள் ஒரு வெள்ளெலியும் இருந்தது.

"நாலு நாளா இருக்கு" என்றார். "மொத நாள் மூலையில ஒடுங்கிக் கெடந்துச்சு. இப்பம் பாரும்."

எலி பாம்பின் முதுகின்மேல் ஏறி நடந்துபோனது. நடுவில் நின்று, முன்னங்கால்களால் முகத்தைத் துடைத்துக்கொண்டது. பாம்பின் நாக்கு மட்டும் வெளியே வந்து வந்து போயிற்று.

"பாம்புக்குப் பசியில்லையா?"

"அது புது எடத்துக்கு வந்து மூணு வாரம்தான் ஆகுது. இன்னும் எடம் படிக்குது. எலி எந்த வழியா வருது, எந்த வழியா போகுதுன்னு வாசனையில படிச்சுக்கிட்டே இருக்கும். துரத்தாது, கேட்டேரா? துரத்துத பாம்பு வேற. இது வழியைப் படிச்சு, வழியில போயி உக்காந்துக்கும். வாரது வரட்டும்."

அடுத்த நாள் மாலை என்னைக் கம்பெனி வாசலிலேயே காத்திருந்து கூட்டிப்போனார். எலி வழக்கமான பாதையில் தண்ணீர்த் தொட்டிக்கு வந்தது. நான் ஒரு அசைவைக்கூடக் காணவில்லை. எலி அங்கே இருந்தது, அடுத்த கணம் மூன்று சுருளுக்குள் இருந்தது. ஒரு பின்னங்கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் உதைப்பு நிற்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"என்ன தெரிஞ்சுக்கிட்டீரு?" என்று கேட்டார்.

"பாம்புக்குப் பொறுமை ஜாஸ்தி."

"அது எல்லாரும் சொல்லுததுதான். எலி அஞ்சு நாள்ல பயத்தை மறந்துட்டு. அதை எழுதணும்."

அவர் எழுதினார்.

கூண்டுகளைக் கழுவி, விலங்குகளுக்கு உணவு கொடுக்க ஒரு வயதான ஜெர்மன்காரர் இருந்தார். டாக்டர் வருவதற்கு முன்பெல்லாம் அவர் எலியை வாலைப் பிடித்து மேசை விளிம்பில் ஒரே அடி அடித்துக் கொன்றுவிட்டுத்தான் பாம்புக்குப் போடுவாராம். டாக்டர் வந்து அதை நிறுத்திவிட்டார். அந்தக் கிழவர் இரண்டாம் உலக யுத்தம் முடிந்து நாலு வருடம் ரஷ்யாவில் கைதியாக இருந்துவிட்டு வந்தவர் என்று எப்படியோ டாக்டருக்குத் தெரிந்துவிட்டது. ஒருநாள் மதியம் நான் இருக்கும்போதே, கிழவர் ரொட்டியைப் பிரித்துக்கொண்டிருந்த நேரத்தில், டாக்டர் நோட்டுப் புத்தகத்தோடு எதிரில் உட்கார்ந்தார். மரியாதையாக ஆரம்பித்தார். எத்தனையாவது வாரம் பசி வலி நின்றது? எப்போது மற்றவர்களின் ரொட்டியைப் பற்றி யோசிக்கத் தொடங்கினீர்கள்? திருடினீர்களா? யாரிடமிருந்து? அந்த ஆள் பிறகு என்ன ஆனார்?

கிழவர் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொன்னார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல, கைகளை மேசைமேல் வைத்துக்கொண்டு. கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது அவர் உதடு மட்டும் தனியாக ஆடியது. ரொட்டியைத் திரும்பச் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

"போவா ஒம்போது மாசம்கூடப் பட்டினி கெடக்கும்" என்றார் டாக்டர் என்னிடம், நோட்டை மூடியபடி. "சின்னச் சின்னத் தீவுல இருக்கது, வலசை வார பறவைக வார மாசத்துல மட்டும்தான் திங்கும். மத்த மாசம் சும்மா கெடக்கும். உடம்பே சிறுத்துப் போச்சு அதுகளுக்கு. மனுசன்கிட்ட இதுக்கு டேட்டா கெடைக்கதே இல்லை."

அவர் அந்தப் பாம்புகளைக் காட்டில் பார்த்தவர். ஜெர்மனிக்கு வந்த புதிதில் ஒரு குழுவோடு தென்னமெரிக்காவில் கயானாவுக்குப் போய் அரை வருடம் இருந்திருக்கிறார். அதைப் பற்றிப் பேசச் சொன்னால்தான் அவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வரும். குட்டிகள் மரத்தில் இருக்கும், பல்லியும் குருவியும் பிடிக்கும். உடம்பு கனத்ததும் தரைக்கு இறங்கிவிடும் என்பார். வௌவால் குகை வாசலில் வாலால் கிளையைப் பிடித்துத் தொங்கும், இருட்டில் இறக்கைக் காற்று மேலே பட்டதும் கவ்வும் என்பார். காட்டை அழித்துக் கரும்பு போட்டால் கரும்புக்குள் வந்துவிடும். வீடு கட்டினால் கூரைக்கு வந்துவிடும். "மனுசன் போற எடமெல்லாம் எலி வரும். எலி வார எடமெல்லாம் அது வரும். அதுக்குக் கோவம், பிடிவாதம் ஒண்ணும் கெடையாது. எடத்தைப் படிச்சுக்கிடும், அவ்வளவுதான்."

அங்கே ஒரு கரும்புத் தோட்டத்து ஓரத்தில், தமிழ்க் கூலிகளின் வழியில் வந்த ஒரு விதவை இருந்தாள். தமிழில் பத்து வார்த்தைகூடத் தெரியாது. மாரியம்மன் பெயர் தெரியும். நம் நாட்டிலிருந்து வந்த பிள்ளை என்று தினம் இவருக்குச் சோறு போட்டிருக்கிறாள். அவள் கோழிக்கூண்டுக்குப் பின்னால், விறகு அடுக்குக்குள் ஒரு போவா குடியிருந்தது. இவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார். இரண்டு வாரத்துக்கு ஒரு கோழி காணாமல் போகும். விதவை பக்கத்து வீட்டுக்காரனைச் சந்தேகப்பட்டாள், சண்டை போட்டாள். அவன் கீழே தள்ளியதில் இவள் மணிக்கட்டு ஒடிந்தது.

"நீங்க பாம்பைக் காட்டியிருக்கலாமே" என்றேன்.

"காட்டியிருந்தா வெட்டிப் போட்டிருப்பா. அப்புறம் நான் எதைப் பாப்பேன்?"

"உங்களுக்குச் சோறு போட்டாங்க டாக்டர்."

"ஆமா. கை ஒடிஞ்ச பெறகும் போட்டா" என்றார். அதை ஒரு வியப்பாகத்தான் சொன்னார்.

எழுபதாம் வருடம் அவர் ஊருக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டு, மனைவியைக் கூட்டி வந்தார். இருபத்திரண்டு வயதுப் பெண். அப்பா இல்லை, ஒரு அண்ணன் மட்டும். என்னைவிடச் சின்னவள்தான், ஆனாலும் டாக்டரின் மனைவி என்பதால் நான் 'அக்கா' என்று கூப்பிட்டேன், அவள் என்னைத் 'தம்பி' என்றாள். இருவருக்கும் அதில் கொஞ்சம் சிரிப்பு. வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே தேங்காய்ப்பாலில் வைக்கிற திருநெல்வேலிச் சொதியைத் தேங்காயே இல்லாமல் வைத்து எனக்கும் போட்டாள். மாதாகோவிலில் பாடகர் குழுவில் இருந்தவள். பாத்திரம் கழுவும்போது மெதுவாகப் பாடுவாள்.

அவள் வந்து பத்து நாள் இருக்கும். சனிக்கிழமை மதியம் டாக்டர் என்னை அரண்மனைச் சதுக்கத்துக்கு எதிரே ஒரு காப்பிக்கடைக்கு வரச் சொன்னார். மாடியில் ஜன்னலோர மேசை. காப்பியும் ஆப்பிள் கேக்கும் சொன்னார். கேக் வந்த பிறகுதான் நான் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தேன். சந்தைக் கூடாரங்களுக்கு நடுவில், புடவைமேல் ஒரு பழுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு அவள் நின்றிருந்தாள். கையில் வெறும் துணிப்பை.

"அக்கா நிக்கறாங்க. கூப்பிட்டுட்டு வரட்டுங்களா?"

"இரும். இப்ப வந்துருதேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். எவ்வளவு நேரம் ஒரே எடத்துல நிக்கான்னு பாப்போம்."

நான் சிரித்தேன். புது மாப்பிள்ளையின் விளையாட்டு என்று நினைத்தேன்.

அரைமணி நேரம் அவள் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. பிறகு காற்று படாத சுவரோரமாகப் போய் நின்றாள். மறுபடி பழைய இடத்துக்கே ஓடிவந்தாள், அவர் வந்து தேடுவாரோ என்று. கூடாரங்களைப் பிரிக்க ஆரம்பித்தார்கள். அவள் பையைத் திறந்து எதையோ தேடினாள்.

"விலாசம் எழுதின சீட்டை எடுத்துட்டேன்" என்றார். "அது இருந்தா டெஸ்டே இல்லை."

எனக்கு அப்போது எழுந்து போகத் தோன்றியது. போகவில்லை. அவர் ஆராய்ச்சி செய்கிறவர், நான் கம்பி முறுக்குகிறவன் என்று ஒரு மரியாதை. கணவன் மனைவிக்கு நடுவில் நாம் யார் என்று இன்னொரு சாக்கு. உண்மையில், அடுத்து அவள் என்ன செய்வாள் என்று எனக்கும் பார்க்க வேண்டியிருந்தது. இரண்டு மணி நேரம் கழித்து அவள் ஒரு கிழவியிடம் போய்க் கைகளால் ஏதோ காட்டினாள். கிழவி தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தாள். பிறகு அவளாகவே ஒரு தெருவைத் தேர்ந்தெடுத்து நடந்தாள். தவறான தெரு. டாக்டர் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார். நாங்கள் ஐம்பதடி தள்ளிப் பின்னாலேயே போனோம். அவள் இரண்டு தடவை வழி தப்பி, ரயில் பாதையைக் கண்டுபிடித்து, அதன் ஓரமாகவே நடந்து வீட்டை அடைந்தாள்.

அன்று இரவுச் சாப்பாடு அங்கேதான். டாக்டர் அவளிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். எந்தத் திருப்பத்தில் சந்தேகம் வந்தது, எந்தக் கட்டடம் ஞாபகம் இருந்தது. அவள் பரிமாறிக்கொண்டே பதில் சொன்னாள். அவர் உள்ளே போனதும் என்னிடம், "அவுகளுக்கு லேபுல ஏதோ அவசர வேலை வந்துட்டாம் தம்பி. மறந்துட்டாக. பாவம், ரொம்ப வருத்தப்பட்டாக" என்றாள்.

நான் இன்னும் கொஞ்சம் ரசம் வாங்கிக்கொண்டேன்.

டாக்டர் கேட்டிருந்த கருவியைச் செய்து முடிக்க எனக்கு நாலு மாதம் ஆயிற்று. போவா நெருக்கும்போது இரை மூச்சு முட்டித்தான் சாகிறது என்று அப்போது எல்லோரும் சொன்னார்கள். இவர் நம்பவில்லை. அவ்வளவு சீக்கிரம் மூச்சு முட்டிச் சாகாது, நெருக்கத்தில் ரத்தம் நின்று இருதயம் நிற்கிறது என்பார். பிடி எப்போது தளர்கிறது என்பதுதான் அவருடைய கேள்வி. இரையின் இருதயத் துடிப்பு பாம்பின் வயிற்றுக்குத் தெரிகிறது, அது நின்றதும்தான் விடுகிறது என்பது அவருடைய ஊகம். அதற்காகச் செத்த எலியைச் சூடாக்கி, அதன் நெஞ்சுக்குள் ஒரு ரப்பர் உருண்டையை வைத்து, மெல்லிய குழாய் வழியாகத் தண்ணீரை விட்டு விட்டு அழுத்தி, துடிக்க வைத்தேன். கையில் எடுத்தால் உயிருள்ள எலி மாதிரியே இருக்கும். அதைச் செய்ததில் எனக்குப் பெருமைதான்.

பாம்பு கவ்வியது, சுற்றியது. உருண்டை துடித்தது. வழக்கமாகப் பிடி தளர்கிற நேரம் வந்தது; தளரவில்லை. மறுபடி இறுக்கியது. சற்று விட்டு, மறுபடி இறுக்கியது. கால்மணி நேரத்துக்குப் பிறகு அதன் உடம்பு நெடுக ஒரு நடுக்கம் ஓட ஆரம்பித்தது. பாம்பு களைத்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. எலியை விழுங்கவும் தெரியாமல், விடவும் முடியாமல், ஒவ்வொரு துடிப்புக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

"போதுங்க டாக்டர். நிரூபிச்சாச்சு."

"ஓடட்டும்."

சுவிட்ச் என் கையில்தான் இருந்தது. நான் நிறுத்தவில்லை. கடைசியில் கிழவர் வந்து, ஒரு வார்த்தை பேசாமல், சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினார். அடுத்த வாரம் தாவரவியல் பக்கம் செடி வளர்க்கிற கண்ணாடி வீட்டுக்கு மாற்றல் கேட்டுப் போய்விட்டார். டாக்டர் கோபப்படவில்லை. பிளக்கைப் பிடுங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டார்.

மறு வருடம் பிப்ரவரியில் மனைவியை நியூரன்பெர்க்குக் கூட்டிப்போய்த் தனியாக விட்டார். அதற்குள் எர்லாங்கன் அவளுக்குப் பழகிவிட்டது. பெரிய ஊர் வேண்டும் என்றார். நான் கூடப் போகவில்லை. நடந்ததை அவரே வந்து சொன்னார். டிராம் தண்டவாளத்தைத் தாண்டும்போது உறைபனியில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு கல் விளிம்பில் பட்டது. எழ முடியவில்லை. இவர் எதிர்ப் பக்கக் கடை வாசலில் நின்றிருந்தார்.

"ஒரு நிமிசத்துக்குள்ள நாலு பேர் வந்துட்டாங்க. ஒருத்தி கோட்டைக் கழட்டிப் போர்த்துனா. பாஷை தேவைப்படல, கேட்டேரா? நான் குறுக்க போயிருந்தா அவங்க வந்திருக்க மாட்டாங்க."

"அக்கா எப்படி இருக்காங்க?"

"ஆஸ்பத்திரியில. முழுகாம மூணு மாசம் ஆகியிருந்துச்சு. போச்சு."

"அது உங்களுக்கு முன்னாலயே தெரியுங்களா?"

"தெரியும்" என்றார். கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். "அதை வேணும்னு செய்யல" என்றார்.

இரண்டு நாள் கழித்து நான் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனேன். கேரளத்திலிருந்து நர்ஸ் பயிற்சிக்கு வந்திருந்த ஒரு பெண் அவளுக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து போய்விட்டாள். நான் ஆரஞ்சுப் பழங்களை மேசைமேல் வைத்தேன். பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சதுக்கம், ஜன்னல், சீட்டு, நியூரன்பெர்க் கடை வாசல், எல்லாம்.

அவள் நெடுநேரம் போர்வையின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தாள்.

"நான் சதுக்கத்துல நிக்கும்போது நீங்களும் மேலேதான் இருந்தியளா?"

"ஆமாங்க்கா."

"ரெண்டு மணி நேரமும்?"

"ஆமாங்க்கா."

"என்ன சாப்பிட்டிய?"

"...ஆப்பிள் கேக்."

"நல்லா இருந்துச்சா?"

அவள் அழவில்லை. நான் கிளம்பும்போது, "ஒங்க ஆபீஸ் விலாசத்தை ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க" என்றாள். எழுதிக் கொடுத்தேன். அதை நாலாக மடித்து, பக்கத்திலிருந்த பைபிளுக்குள் வைக்காமல், கைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்குத் திரும்பி வந்து இரண்டு மாதம் இருந்தாள். சமைத்தாள், கோவிலுக்குப் போனாள், வீட்டுச் சொந்தக்காரியோடு உட்கார்ந்து ஜெர்மன் பேசப் பழகினாள். நான் சொன்னதை அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றே நினைக்கிறேன். ஏப்ரலில் ஒருநாள் டாக்டர் அவளுக்கு ஒரு வழி டிக்கெட் வாங்கிக் கொடுத்து பாம்பெர்க் ரயிலில் ஏற்றினார். அடுத்த பெட்டியில் தானும் ஏறிக்கொண்டார். நடுவில் ஒரு ஸ்டேஷனில் அவள் இறங்கினாள். அவரும் இறங்கினார். அவள் பிளாட்பாரத்தில் கால அட்டவணையைப் படிப்பதுபோல நின்றாள். இவர் தூணுக்குப் பின்னால். விசில் ஊதி ரயில் நகர ஆரம்பித்ததும், அவள் நாலெட்டு ஓடி, கதவைத் திறந்து ஏறிவிட்டாள்.

"திரும்பியே பாக்கல" என்று அன்று மாலை என்னிடம் சொன்னார். அவர் குரலில் நான் எதிர்பார்த்தது எதுவும் இல்லை. ஒரு நல்ல மாணவியைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். "நான் நிக்கேன்னு அவளுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. அழகாப் பண்ணிட்டா."

"போலீஸுக்குச் சொல்லலீங்களா?"

"எதுக்கு? பசிச்சா வருவா."

ஜூன் மாதம் என் ஆபீஸுக்கு ஒரு அஞ்சலட்டை வந்தது. வடக்கே ஹனோவர் நகரத்திலிருந்து. ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சிக்குச் சேர்ந்துவிட்டாள். தலை பின்னிவிட்ட பெண் வழி சொல்லியிருக்கிறாள். அண்ணனுக்கும் எழுதிவிட்டதாகச் சொல்லியிருந்தாள். கடைசி வரி: 'நான் எங்க இருக்கேன்னு அவுககிட்ட சொல்லாதிய.'

சொல்லவில்லை. அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை வந்தது. அதற்கடுத்த வருடமும் வந்தது. ஒரு வருடம் வெள்ளைத் தொப்பியோடு புகைப்படம் வந்தது. எல்லாவற்றையும் என் அறையில் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன்.

அவர் காத்திருந்தார். முதல் வருடம் அவர் நம்பிக்கையில் எந்த மாற்றமும் இல்லை. இரண்டாவது வருடம் நாற்காலியைத் தெருப்பக்கத்து ஜன்னலுக்கு மாற்றிப் போட்டார். ஃபிராங்ஃபர்ட்டில் நல்ல வேலை ஒன்று வந்தது, போகவில்லை. வீட்டுக்காரி வாடகையைக் கூட்டினாள், வேறு வீடு பாருங்கள் என்றேன். "எடம் மாறக் கூடாதுவே. அவ இந்த எடத்தைத்தான் படிச்சிருக்கா" என்றார். இரண்டு பேருக்கு அரிசி போடுவார். மிச்சத்தை மறுநாள் சாப்பிடுவார். ஆராய்ச்சிக் கட்டுரை எதையும் எழுதி முடிக்கவில்லை. பெரிய பாம்பு ஒரு குளிர்காலத்தில், வெப்பக் கருவி பழுதான இரண்டு நாளில் செத்துப்போனது. அவர் அந்த இரண்டு நாளும் வீட்டு ஜன்னலில் இருந்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் போவேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. பழமோ கேக்கோ வாங்கிப் போய், எதிரில் உட்கார்ந்து, அவர் ஜன்னலைப் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். தெருவில் கறுப்புக் கூந்தலோடு ஒரு பெண் திரும்பினால் அவர் கழுத்து நீளும். அவள் இல்லை என்று தெரிந்ததும் கழுத்து மெல்ல இறங்கும். அப்படி இறங்குவதற்கு ஆகிற நேரம் வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே போயிற்று. அதை நான் கவனித்தேன். அக்கா கேட்டுக்கொண்டதைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எழுபத்தாறில் பல்கலைக்கழகம் அவர் பதவியை நீட்டிக்கவில்லை. ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் என் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே பேசினார்.

"ஒமக்குத் தெரியும்னு எனக்கு ரொம்ப நாளாத் தெரியும்வே" என்றார். "எங்க இருக்கான்னு கேக்கல. ஒண்ணே ஒண்ணுதான். உசுரோட இருக்காளா?"

இழுப்பறை என் முழங்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"எனக்குத் தெரியாதுங்க டாக்டர்" என்றேன்.

அவர் முகத்தை நான் பார்த்தேன். முதலில் நம்பாமை வந்தது. பிறகு கீழ்த்தாடை லேசாகத் தொங்கியது. பிறகு கண்ணாடியைக் கழற்றினார். கழற்றியதை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வெறும் கண்களோடு அவரை நான் பார்த்தது அப்போதுதான். நான் எழுந்திருக்கவில்லை, தண்ணீர் கொடுக்கவில்லை, வேறு பக்கம் திரும்பவும் இல்லை. அவர் தானாகவே கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "சரி, வாரேன்" என்று சொல்லிப் போகிற வரைக்கும் பார்த்தேன்.

அடுத்த வாரம் ஹனோவருக்கு டெலிபோன் செய்தேன். வார்டிலிருந்து அவளைக் கூப்பிட்டு வந்தார்கள். நல்ல செய்தி சொல்கிறவனைப்போல எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் கேட்டது, நான் சொன்னது, அவர் நின்றது.

"உசுரோட இருக்கேன்னுகூடச் சொல்லலியா?" என்றாள்.

"இல்லீங்க்கா."

"ஏன்?"

அவளுக்காகத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை.

"அது ஒண்ணுதானே கேட்டாக. எங்க இருக்கேன்னுதான் சொல்ல வேண்டாம்னேன்."

பின்னால் வண்டிச் சக்கரம் உருளும் ஓசை, யாரோ ஜெர்மனில் அவளைக் கூப்பிட்டார்கள்.

"அவுக போய்ட்டாகளா?"

"போய்ட்டாருங்க. போன புதன்கிழமை."

அவள் டெலிபோனை வைத்துவிட்டாள். அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு அட்டை வரவில்லை. அதற்கடுத்த வருடமும் வரவில்லை.